துரைமாருக்கும் தெரியாது

பேராதனைப் பூந்தோட்டத்தைச் சுற்றி முள்ளுக்கம்பி போட்டு, வாசலில் துப்பாக்கிக்காரன் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1944 ஏப்ரலில் தென்கிழக்காசியக் கட்டளையின் தலைமையகம் டில்லியை விட்டுக் கண்டிக்கு வந்தது. அதன் தளபதி மவுண்ட்பேட்டன் கண்டி நகருக்குள் மாளிகையில் இருந்தார். அவருடைய அலுவலகங்களோ பூந்தோட்டத்து மரங்களுக்கடியில் குடில் குடிலாக எழும்பின. அந்தக் குடில்களுக்குப் பலகை சுமந்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். தேயிலைத் தோட்டத்தில் பேர் போட்டிருந்த மனிதர், கொஞ்சம் கூடுதல் சம்பளத்துக்காக அந்த வேலைக்குப் போனார். நாவலப்பிட்டியில் ரயில் ஏறினால் உலப்பனை, கம்பளை, கெலிஓயா, அப்புறம் பேராதனைச் சந்தி. இருட்டோடு போய் இருட்டோடு திரும்புவாராம்.

தாத்தா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது சண்டையைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். பெண்கள் படை உடுப்புப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்ததைச் சொல்வார். ஓயாமல் தட்டச்சு இயந்திரம் அடிக்கும் சத்தத்தைச் சொல்வார். “அங்க என்னா தாத்தா எழுதினாங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“தொரைமாருக்கே பாதி தெரியாது தம்பி. ஒரு குடில்ல எழுதுறது அடுத்த குடிலுக்குத் தெரியாது. நமக்கு எப்புடித் தெரியும்?”

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் தாத்தாவின் தம்பியின் பேச்சும் வந்துவிடும். துறையூர்ப் பக்கத்திலிருந்து அண்ணன் மண்டபம் வழியாகக் கண்டிச் சீமைக்கு வந்தார். தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். அந்தக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் பிரிந்தன. 1942 தொடக்கத்தில் யப்பான்காரன் மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடித்த பிறகு சின்னத் தாத்தாவிடமிருந்து கடிதம் நின்றுபோனது. தாத்தா பலகை சுமந்த இடத்தில்தான் மலாயாவை மீட்கும் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. அது தாத்தாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அவர் சொன்ன பாதி என்ற கணக்கு எவ்வளவு சரியானது என்று பல வருடம் கழித்து வாசித்தபோது திடுக்கிட்டேன். 1945 ஜூலை 24ஆம் திகதி ஜேர்மனியில் பொட்ஸ்டாம் என்ற இடத்தில் மவுண்ட்பேட்டனிடம் அணுகுண்டைப் பற்றிச் சொன்னார்கள். அதற்கு எட்டு நாள் முந்திதான் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் அதை வெடித்துப் பார்த்திருந்தார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது கட்டளை. யப்பான் ஓகஸ்டு நடுவில் சரணடையக்கூடும், அதற்கு ஆயத்தமாக இருங்கள் என்று அவர் கண்டிக்குத் தகவல் அனுப்பினார். ஏன் என்று சொல்லவில்லை. செப்டெம்பரில் மலாயாக் கரையில் இறங்குவதற்கு இரவு பகலாக வரைபடம் வரைந்துகொண்டிருந்த பேராதனைக் குடில்களுக்கு அந்தத் தகவல் எப்படிப் பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு படையிடம் புதிதாக ஓர் ஆயுதம் இருக்கிறது. சண்டை வருடக்கணக்காக நடக்கிறது. ஆள் செத்துக்கொண்டேயிருக்கிறது. அப்படியிருந்தும் அதை வெளியே எடுக்காமல் பூட்டி வைக்கிறார்கள். ஏன்? சின்ன வயதில் எனக்கு இது விளங்கவேயில்லை. முதன்முதல் விளங்க வைத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்த மாஸ்டர். எழுபதுகளில் மலைநாட்டுப் பாடசாலைகளில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். எங்களில் பலர் லயத்தை விட்டு வெளியே வந்தது அவர்கள் பிடித்த கையால்தான். நாவலப்பிட்டி மழைக்குள் குடையும் சைக்கிளுமாக அவர் வருவது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒருநாள் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் மினுங்கல் தாளைக் கொண்டுவந்து, ஒரு சாண் நீளத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் கீலம் கீலமாக நறுக்கி மேசையில் பரப்பினார். “இதைத்தான் மேலையிருந்து கொட்டினவங்கள்” என்றார். 1942இலேயே பிரித்தானியா கண்டுபிடித்து வைத்திருந்த வித்தை அது. ஒரு பக்கம் அலுமினியம் பூசிய தாள், 27 சென்ரிமீற்றர் நீளம், 2 சென்ரிமீற்றர் அகலம். ஜேர்மன் ராடாரின் அலை நீளத்தில் சரிபாதி. கட்டுக் கட்டாக வானத்திலிருந்து உதறினால் ராடார்த் திரை முழுக்க விமானமாகத் தெரியும். எது நிஜ விமானம், எது தாள் என்று பிரிக்க முடியாது. ‘விண்டோ’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

1942 வசந்தத்தில் பாவிக்கத் தயாரானார்கள். கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் இன்று கொட்டினால் நாளைக்கு ஜேர்மன்காரன் லண்டன் மேலே கொட்டுவான், நம்முடைய ராடார் குருடாகிப்போகும் என்ற பயம். தாளைப் பார்த்தவுடன் எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் இரகசியம் பிடிபட்டுவிடும் அல்லவா? வேறு ஆயுதமென்றால் திருட வேண்டும், பிரித்துப் பார்க்க வேண்டும், தொழிற்சாலை கட்ட வேண்டும். இதற்கு ஒரு கத்தரிக்கோல் போதும்.

ஜேர்மனியும் அதே வித்தையைத் தானாகவே கண்டுபிடித்திருந்தது. பிரித்தானியா பார்த்துப் படித்துவிடும் என்ற அதே பயத்தில் அங்கேயும் பூட்டி வைத்துவிட்டார்கள். அதைப் பற்றிய அறிக்கையைக்கூட யாரும் பேசக்கூடாது என்று விமானப்படைத் தலைவர் கோரிங் தடுத்தார். இரண்டு பக்கமும் ஒரே தாளை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தபோது, 1943 மே மாதத்தில் யப்பானியக் கடற்படை சொலமன் தீவுகள் பக்கம் அதே மாதிரித் தாளைக் கொட்டிவிட்டது.

கடைசியில் 1943 ஜூலை 24ஆம் திகதி இரவு பிரித்தானியா அதை எடுத்தது. ஹாம்பர்க் நகரத்தின் மேலே 791 விமானங்கள் போயின. 12தான் திரும்பவில்லை. அதுவரை ஒவ்வோர் இரவும் இழந்துகொண்டிருந்ததோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண்ணிக்கை. அப்படியென்றால் அதற்கு முந்தின ஒரு வருடத்துக்கும் கூடிய காலத்தில் விழுந்த பையன்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். மாஸ்டர் அந்த இடத்தில் நிறுத்தினார். எங்கள் வகுப்பில் ஒருவரும் பேசவில்லை.

ஆனால் கணக்கு அத்தோடு முடியவில்லை என்பது நான் பின்னால் வாசித்து அறிந்தது. அந்தத் தாள் மறைப்பில் போன விமானங்கள் ஹாம்பர்க்கில் மூட்டிய தீயில், ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடிய காலத்துக்குள் ஏறத்தாழ 37,000 பேர் எரிந்தும் மூச்சடைத்தும் செத்தார்கள். பெரும்பாலும் சாதாரண சனங்கள். பூட்டி வைத்திருந்த நாட்களில் விமானப் பையன்கள் செத்தார்கள். பூட்டைத் திறந்த பிறகு ஹாம்பர்க் சனங்கள் செத்தார்கள். ஆயுதத்தை ஒளித்து வைத்தது சரியா, பிழையா என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. படைத் தலைமையின் கோப்பிலும் இரண்டும் ஒரே பக்கத்தில் வருவதில்லை.

திறந்த பூட்டும் நெடுநாள் உதவவில்லை. அந்த வருட முடிவுக்குள் ஜேர்மன்காரன் வேறு அலை நீளத்தில் புதிய ராடாரை இரவு விமானங்களுக்குப் பூட்டிவிட்டான். 1944 மார்ச் 30ஆம் திகதி இரவு நியூரம்பர்க் போன 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. ஒரு புதிய ஆயுதத்தின் ஆயுள் அது முதன்முதல் வெளியே வந்த இரவிலேயே தேயத் தொடங்குகிறது. அதனால்தான் தளபதிகள் தயங்குகிறார்கள். நீண்ட போரில் எதிரிக்குப் படிக்க நேரம் இருக்கிறது. இரண்டு வாரத்தில் முடியும் சண்டையென்றால் எல்லாவற்றையும் அள்ளி வீசலாம். வருடக்கணக்கில் போகும் சண்டையில், இன்று எடுத்தால் நாளைக்கு அவனிடமும் இருக்கும்.

2007இல் இந்தப் பாடம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே வந்து நின்றது. ஏப்ரல் 28ஆம் திகதி, உலகக் கிண்ண இறுதிப் போட்டி. பார்படோசில் மழையால் ஆட்டம் தாமதித்து, நாவலப்பிட்டியில் நடுச்சாமம் தாண்டியும் லயத்திலிருந்து டவுன் வரை எல்லா வீட்டிலும் வெளிச்சம். அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 149 ஓட்டம் எடுத்து எங்கள் வயிற்றில் அடித்துவிட்டுப் போயிருந்தார். இலங்கை துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தது. கொழும்பு புறக்கோட்டையில் கடையில் நின்ற அக்கா மகன் கோல் எடுத்தான்.

“மாமா, கரண்ட்ட புடுங்கிட்டாங்க. வானமெல்லாம் வெடி. ப்ளேன் வந்துருச்சாம்.”

“எங்கயும் வெளிய போகாத. ஐ.சி.ய கையில வச்சுக்க” என்றேன். அந்த வருடங்களில் எங்கள் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் சொல்வது அடையாள அட்டையைப் பற்றித்தான். மலைநாட்டுப் பெயரும் தமிழ்ப் பெயர்தான். வெடி எங்கே வெடித்தாலும் அடுத்த நாள் காலை சோதனைச் சாவடியில் இறங்கி நிற்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்றிரவு கொலன்னாவையிலும் முத்துராஜவெலவிலும் எரிபொருள், எரிவாயு நிலையங்களை நோக்கிப் விடுதலைப் புலிகளின் விமானங்கள் குண்டு போட்டிருந்தன. முந்தின மாதம் 26ஆம் திகதி கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின் மேலே அவை வந்தபோதுதான் புலிகளிடம் விமானம் இருப்பது நாட்டுக்கே நிச்சயமாயிற்று. செக் நாட்டில் செய்த ஸ்லின் 143 என்ற சிறு விமானம். நாலு பேர் உட்காரக்கூடியது. இரணைமடுப் பக்கம் ஓடுபாதை இருக்கிறது என்ற செய்தி அதற்கு முன்பே பத்திரிகையில் அடிபட்டிருந்தது. ஓடுபாதை இருந்தால் விமானமும் இருக்கத்தானே வேண்டும்? இருந்தும் கிழக்கில் அவ்வளவு பெரிய சண்டை நடந்த நாட்களில் ஒரு விமானமும் எழும்பவில்லை.

ஏன் எழும்பவில்லை என்று பலர் பலவிதமாக எழுதினார்கள். எனக்குப் படுவது இதுதான். கைவிரலில் எண்ணக்கூடிய விமானங்கள். ஒன்று போனால் இன்னொன்று வாங்கிவர வழியில்லை. மறைத்து வைத்திருக்கும்வரை அரசாங்கம் அதை நினைத்து ஆளையும் பணத்தையும் செலவழிக்க வேண்டும். பறந்த அன்றைக்கே அதன் அளவு என்ன, எவ்வளவு சுமக்கும், எந்தப் பாதையில் வரும் என்பதெல்லாம் தெரிந்துபோகும். நடந்ததும் அதுதான். ராடார் கூடியது, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் கூடின, வந்தவுடன் நகரத்தின் விளக்கை அணைக்கும் பழக்கம் வந்தது, 2008இல் துரத்திப் பிடிப்பதற்கென்றே எவ் 7 ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு கடைசி இரண்டும் கொழும்பை நோக்கி வந்தன. ஒன்று உள்நாட்டு இறைவரிக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்காவில் விழுந்தது. அந்த நேரத்தில் வன்னியில் இலட்சக்கணக்கான சனங்கள் ஒரு துண்டு நிலத்துக்குள் நெருக்கித் தள்ளப்பட்டு, குண்டுக்குக் கீழே கிடந்தார்கள். இரகசியமாக இருந்தபோதும் அந்த விமானங்களால் அந்தச் சனங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்தபோதும் ஒன்றும் ஆகவில்லை.

1995இலும் இப்படி ஒன்று வெளியே வந்தது. சனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் புலிகள் கடற்படைப் படகுகளை வெடிவைத்துத் தகர்த்ததோடு முறிந்தது. பத்து நாளுக்குள், 28ஆம் 29ஆம் திகதிகளில், பலாலிக்குப் பக்கத்தில் இரண்டு அவ்ரோ விமானங்கள் ஏவுகணையில் விழுந்தன. 90 பேருக்கு மேல் செத்தார்கள். தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை புலிகளிடம் இருப்பது அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. பேச்சுவார்த்தை நடந்த மாதங்களில் அது எங்கோ ஒரு பெட்டிக்குள் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விமானப்படை பாதையைக் கடல் பக்கம் மாற்றியது, வெப்பத்தைத் தேடிவரும் ஏவுகணையை ஏமாற்றும் தீச்சுடர்களைப் பூட்டியது.

1998 செப்டெம்பர் 29ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் விழுந்தது. 55 பேர். பயணிகளில் பெரும்பாலோர் தமிழ்ச் சனங்கள். பிள்ளையைப் பார்க்கப் போனவர்கள், வைத்தியத்துக்குப் போனவர்கள். இராணுவ விமானத்தை விழுத்த வாங்கிய ஏவுகணைக்கு யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாது. ஏவியவர்களுக்கு அது பயணிகள் விமானம் என்று தெரியும். தெரிந்து செய்ததற்கு எந்தப் போர்க் கணக்கும் பதில் சொல்லாது என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன்.

எங்கள் மாஸ்டர் 1983 கலவரத்துக்குப் பிறகு ஊரோடு போய்விட்டார். அந்த விமானம் விழுந்த அடுத்த வருடம், கண் வைத்தியத்துக்காகக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பஸ்ஸில் கண்டிக்கு வந்து, அங்கிருந்து நாவலப்பிட்டிக்கு எங்களையும் பார்க்க வந்தார். பாதி உருவமாகப் போயிருந்தார். பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் பார்த்தபடியே இருந்தார். ஹட்டன் பக்கம் ஏறும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அந்தத் தாள் ஞாபகம் இருக்குதோ?” என்றார்.

“இருக்கு சேர். விண்டோ.”

“ஒளிச்சு வைக்கிறது எதிரிக்குப் பயந்தெண்டு அப்ப உங்களுக்குச் சொன்னனான். அது சரிதான். ஆனா ஒளிச்சு வைக்கிறவனுக்கு இன்னொரு பயமும் இருக்கு. தன்ர ஆக்களுக்குச் சொல்லவும் பயம்.”

அவர் என்ன சொன்னார் என்பது பாரி துறைமுகத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு உறைத்தது. 1943 டிசம்பர் 2ஆம் திகதி இத்தாலியின் பாரியில் ஜேர்மன் விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ஜோன் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலில் கடுகு வாயுக் குண்டுகள் இருந்தன. முதலாம் உலகப் போரில் கண்ணையும் நெஞ்சையும் எரித்த அதே விஷம். ஜேர்மனி வாயுவை எடுத்தால் நாங்களும் எடுப்போம் என்பதற்காகக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எடுப்பதற்கல்ல, வைத்திருப்பதற்கு. கப்பலில் இன்னது இருக்கிறது என்று அறிந்தவர்கள் கப்பலோடு போய்விட்டார்கள். எண்ணெயும் விஷமும் கலந்த தண்ணீரிலிருந்து இழுத்தெடுத்த மாலுமிகளை ஈரத் துணியோடே போர்வையில் சுற்றிப் படுக்கவைத்தார்கள். உடுப்பைக் கழற்றிக் கழுவிவிட்டிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். வைத்தியர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. 628 பேர் விஷம் பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், 83 பேர் செத்தார்கள். நகரத்துச் சனங்களை யாரும் சரியாக எண்ணவில்லை. எதிரியின் மேல் ஒரு துளியும் படாத ஆயுதம் அது.

சில இரகசியங்கள் காத்ததால் பயன் தந்தன என்பதையும் சொல்ல வேண்டும். இலக்குக்குப் பக்கத்தில் போனதும் தானே வெடிக்கும் குண்டு மூக்கை அமெரிக்கா 1943 சனவரியில் பசிபிக் கடலில் முதன்முதல் பாவித்தது. கடலுக்கு மேலே மட்டும் சுடலாம் என்று கண்டிப்பான உத்தரவு. வெடிக்காமல் விழும் குண்டு தண்ணீருக்குள் போய்விடும், எதிரி பொறுக்க முடியாது. ஐரோப்பிய மண்ணில் எதிரிப் படைக்கு எதிராக அதைப் பாவிக்க 1944 டிசம்பர் வரை விடவில்லை. அதற்குள் ஜேர்மனிக்குப் பிரதி செய்ய நேரம் இல்லாமல் போயிருந்தது. அந்தத் தீர்மானத்தை எடுத்தவர்கள் யோசித்துத்தான் எடுத்தார்கள். இதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எவ்வளவு வாசித்தாலும் என் யோசனை பேராதனைக்கே வந்து நிற்கிறது. அணுகுண்டை ஒளித்து வைத்த காரணத்தைத் தேடிப் போனால் மவுண்ட்பேட்டனின் கையில் ஒன்றும் இல்லை. ஓகஸ்டு 6ஆம் திகதி ஹிரோஷிமா, 9ஆம் திகதி நாகசாகி, 15ஆம் திகதி யப்பான் மன்னரின் குரல் வானொலியில். ஆனாலும் கண்டியிலிருந்து படை உடனே போகவில்லை. டோக்கியோ விரிகுடாவில் செப்டெம்பர் 2ஆம் திகதி கையெழுத்தாகும்வரை வேறெங்கும் இறங்கக்கூடாது என்று அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் கட்டளையிட்டிருந்தார். சண்டை முடிந்த பிறகும் சிறைமுகாம்களிலும் கூலிமுகாம்களிலும் காத்திருந்தவர்கள் அந்த நாட்களிலும் பசியிலும் காய்ச்சலிலும் செத்தார்கள்.

பேராதனையில் வரைந்த திட்டம் செப்டெம்பர் 9ஆம் திகதி மலாயாவின் மோரிப் கரையில் நிறைவேறியது. எதிர்த்துச் சுட ஒருவரும் இல்லை. அப்படியும் கரைக்கு இறங்கிய வாகனங்கள் சேற்றிலும் மணலிலும் புதைந்து நின்றுவிட்டன. யப்பான் படை அங்கே துப்பாக்கியோடு காத்திருந்திருந்தால் இறங்கிய இந்தியப் படையாட்கள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்? கரையைப் பற்றிய கணக்கு அவ்வளவு பிழையாக இருந்தது. தாத்தா சுமந்த பலகைக் குடிலுக்குள் எழுதியதில் இதுவும் ஒன்று.

சின்னத் தாத்தாவின் கடிதம் 1946இல் வந்தது. வேறு யாரோ எழுதிக்கொடுத்தது. யப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போன தோட்டத்துத் தமிழாட்களில் அவரும் ஒருவர். ஆயிரமாயிரமாகப் போய், அதிகம் பேர் வாந்திபேதியிலும் மலேரியாவிலும் அங்கேயே மாண்டார்கள். அவர் எப்படியோ திரும்பிவிட்டார். தன்னைப் பற்றி இரண்டு வரிதான். மீதிப் பக்கமெல்லாம் கூடப் போய்த் திரும்பாதவர்களின் பெயரும் ஊரும். இவர்களுடைய சனங்கள் யாராவது கண்டிச் சீமையில் இருந்தால் தகவல் சொல்லிவிடு என்று அண்ணனைக் கேட்டிருந்தார். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளையிடம் பெயர்களை வாசிக்கச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு நடந்துபோய் லயம் லயமாக விசாரித்தார். சில வீட்டாரைக் கண்டுபிடித்தார். மற்றப் பெயர்களை அப்பாவிடம் சொல்லி வைத்தார், அப்பா என்னிடம் சொன்னார்.